காப்பு கட்டிய எஞ்சின்

விடிகாலையில் முனிவேல் வண்டியில் சாவியைத் திருகும்போது, சுகுணா அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவாள். களி கிண்டிக்கொண்டிருந்தால் துடுப்பு பாதியில் நிற்கும். முதலில் வண்டியில் ஹீட்டர் லைட் எரிந்து அணையவேண்டும். பிறகு எஞ்சின் ஒரு தரம் இருமும், மறு தரம் முனகும், அப்புறம் இருக்கிற தகரமெல்லாம் குலுங்க எழுந்துகொள்ளும். எழுந்த கையோடு பின்னால் நீலப் புகை கிளம்பி, வாசலில் அவள் நட்டிருந்த செண்டுமல்லியை மூடி, எதிர்வீட்டுக்குள் புகுந்து, படுத்திருப்பவர்களை இருமவைத்து எழுப்பும். குருபரப்பள்ளியில் அந்தத் தெருவுக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

புகை வெள்ளையாக இருந்தால் பனி என்று சொல்லிக்கொள்ளலாம். கருப்பாக இருந்தால் டீசல் கலப்படம் என்று பங்க்காரனைத் திட்டலாம். நீலப் புகைக்குச் சமாதானம் கிடையாது. வண்டி ஆயில் குடிக்கிறது என்றுதான் அர்த்தம். ஊருக்கே தெரிந்த அந்தச் சங்கதியை முனிவேல் வீட்டில் மட்டும் பேசக்கூடாது. முனிவேல் ஒரு சொட்டு குடிக்காதவன். அவன் பங்கையும் சேர்த்து வண்டி குடித்தது.

ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப்போகும் வெள்ளை டீசல் வண்டி அது. செய்த கம்பெனி அந்த மாடலை மறந்தே பல வருஷம் ஆகிறது. மீட்டர் ஆறு லட்சத்துச் சொச்சத்தில் நின்றுபோனது. நின்ற பிறகுதான் வண்டி வேகம் பிடித்தது. சூளகிரி டீக்கடையில் ஏழு லட்சமாக இருந்த கிலோமீட்டர், ஓசூர் போய்ச் சேர்வதற்குள் எட்டு லட்சம் ஆகிவிடும். கிருஷ்ணகிரி சங்க ஆபீசில் அது ஒன்பதரையைத் தொட்டபோது, தலைவர் சென்னப்பன் மேஜையைத் தட்டி, "பத்துன்னே போட்டுக்கலாம், நோட்டீசுல பாக்க நல்லா இருக்கும்" என்றார். கிலோமீட்டர் எத்தனையானாலும் கூடவே ஒரு வாக்கியம் வரும்: "ஹெட்டக் கூட திறந்ததில்ல. கை படாத எஞ்சின்."

சென்னப்பன் வாடகை வண்டி உரிமையாளர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். தான் மட்டும் போன தையில் வாங்கிய ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பழைய வண்டிகளின் பெருமையைப் பேசித் திரிபவர். ஆயுத பூஜையன்று மேடை போட்டு முனிவேலுக்கு 'சாலைச் சக்கரவர்த்தி' பட்டம் கொடுப்பதாக ஏற்பாடு. ஆயில் ஏஜென்சி ஒன்று செலவை ஏற்றுக்கொண்டது. பூஜைக்கு முன்னால் யாராவது எஞ்சினைப் பிரித்துவிட்டால் பேனர் பொய்யாகிவிடுமே என்று சென்னப்பன் யோசித்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் காப்பு கட்டுகிற மாதிரி எஞ்சினுக்கும் கட்டிவிடுவது என்று முடிவானது. ஒரு செவ்வாய்க்கிழமை பூசாரியோடு வந்து இறங்கினார். நாலைந்து பேரும் ஓர் ஆடும் நின்றிருந்த வாசலில், "மகாஜனங்களே!" என்று ஆரம்பித்தார்.

"எஞ்சின்ங்கறது யாரு? தாய்! தாயை யாராவது பிரிச்சுப் பாப்பாங்களா?"

சுகுணாவை இரண்டு தடவை பிரித்துத் தைத்திருக்கிறார்கள். மகள் ஜெயப்ரியா பிறந்தபோது ஒன்று, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று.

பூசாரி மஞ்சள் கயிற்றை எஞ்சின் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் வளையத்துக்குள் நுழைத்து, மஞ்சள் கிழங்குத் துண்டோடு முடிச்சுப் போட்டான். சென்னப்பன் அதன்மேல் அரக்கை உருக்கிச் சங்கத்தின் முத்திரையை வைத்தார். "பூஜை வரைக்கும் இது அறுந்துச்சுன்னா பட்டமும் கிடையாது, சாமி குத்தம் வேற."

ஆயில் ஊற்றுகிற மூடிக்கும் அரக்கு வைக்கப் போனபோது முனிவேல் அவசரமாகத் தடுத்தான். "அதுக்கு வேணாம் தலைவரே, சூட்டுல உருகிடும்."

அவன் ஏன் தடுத்தான் என்று சுகுணா யோசிக்கவில்லை. மூடி தப்பியதே போதும் என்றிருந்தது அவளுக்கு. ஏனென்றால் அவன் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, பானட்டைத் தூக்கி, அந்த மூடி வழியாகத்தான் தினமும் ஒரு டம்ளர் ஆயிலை அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பயந்துதான் ஊற்றினாள். அந்த வண்டியில்தான் ஜெயப்ரியா தினமும் வேலைக்குப் போகிறாள், மற்றப் பெண்களோடு. குருபரப்பள்ளியிலிருந்து சூளகிரி போகும் வழியில் மேலுமலை ஏற்றம். அங்கே நின்றுபோன வண்டிகளை லாரிகள் என்ன செய்திருக்கின்றன என்பதை அவள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். எஞ்சின் வறண்டு அங்கே பிடித்துக்கொண்டால்?

ஒரே ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள்.

"மாமா, ஸ்பேர்பார்ட்ஸ் கடை பாய்கிட்ட குடுத்து ஒருவாட்டி எஞ்சினப் பிரிச்சுப் பாத்துடலாமா?"

முனிவேல் கொள்ளுக் கடைசலில் களியைத் தோய்த்தபடியே சொன்னான். "பிரிச்சா இன்னா சொல்லுவான்? ரிங்கு போச்சும்பான், போர் போச்சும்பான். பிரிக்காத வரைக்கும் ஒண்ணும் போவல."

"அன்னைக்கு நர்சம்மா வந்து பிரஷர் பாத்து மாத்திரை குடுத்ததுக்கும் இதையேதான சொன்ன?"

"ஆமா. ஆசுபத்திரிக்குள்ள போனவன் எவன் முழுசா வந்தான்? இதுவும் கை படாத எஞ்சின்தான்" என்று நெஞ்சைத் தட்டிக்காட்டினான்.

அதற்கும் சுகுணா வழி வைத்திருந்தாள். வீடு வீடாக வரும் நர்சம்மா அவன் பேருக்குக் கொடுத்துப்போகும் மாத்திரையை நுணுக்கி, காலையில் அவன் குடிக்கும் ராகிக் கஞ்சியில் கலந்துவிடுவாள். கஞ்சிக்கு ஒரு கை, எஞ்சினுக்கு ஒரு கை. இரண்டையும் தானே ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு ஓர் எண்ணம். பெருமை என்று சொல்ல முடியாது. பயத்துக்குக் கிடைத்த கூலி.

ஆனால் இரண்டுமே சரியாகவில்லை. புகை நாளுக்கு நாள் கூடியது. முனிவேலோ உட்கார்ந்து எழுந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கேட்டால், "தூக்கம் பத்தல" என்பான். பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரை போதவில்லை, இனி இரண்டாகப் போட வேண்டியதுதான் என்று சுகுணா நினைத்தாள். ஆயிலும் போதவில்லை.

சர்வீஸ் ரோட்டில் ஷௌகத் அலியின் ஸ்பேர்பார்ட்ஸ் கடை. அவருடைய மகள் இரமும் அதே வண்டியில், ஜெயப்ரியாவோடு ஒரே கம்பெனிக்குப் போகிறவள். சுகுணா கட்டைப்பையோடு வந்து நின்றதும் அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, போன கேன இப்பத்தான வாங்கினீங்க? வண்டிக்கு ஊத்தினீங்களா, வடை சுட்டீங்களா?"

"மெதுவாப் பேசு பாய். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தறன்."

"முனிவேலு எங்கிட்ட ஆயில் வாங்கியே வருசம் ஆவுது. கேட்டா, 'என் வண்டி பச்சத்தண்ணி கூட கேக்காது'ன்னு வீராப்பு பேசறாரு. சரி, கம்பிய இழுத்து அளவு பாத்துட்டுத்தான ஊத்தறீங்க? மேல் கோட்டத் தாண்டக்கூடாது."

"கம்பியிலதான் காப்பு கட்டிப்புட்டாங்களே."

"அப்ப எத வெச்சு ஊத்தறீங்க?"

"புகைய வெச்சுதான். புகை வருதுன்னா ஆயில் எரிஞ்சு கொறையுதுன்னுதான அர்த்தம்? புகை ஜாஸ்தியானா ஜாஸ்தியா ஊத்தறன்."

ஷௌகத் அலி தாடியைச் சொறிந்தார். என்னவோ இடித்தது. ஆனால் பின்னால் டிராக்டர்காரன் பேரிங் கேட்டு அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். "அதுவும் சரிதான்" என்று சொல்லி கேனை எடுத்துக் கொடுத்தார்.

பூஜைக்கு இன்னும் சில நாளே இருந்த ஒரு காலை, தூறலும் பனியும் கலந்து மலை தெரியாமல் மூடியிருந்தது. முனிவேல் வண்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தவன், அப்படியே பானட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்பதை சுகுணா பார்த்தாள். பிறகு தலையை உதறிவிட்டுக் குளிக்கப் போனான். இன்றைக்கு மேலுமலை நல்லபடியாகத் தாண்டவேண்டும் என்று ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளராக ஊற்றி மூடியைத் திருகினாள். அப்படியும் மனசு ஆறாமல், "நானும் ஓசூர் வரன். மேடைக்குக் கட்ட சீலை எடுக்கணும்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

முனிவேலுக்கு ஒரே சந்தோஷம். "நல்லா பட்டா எடும்மே. தலைவரு வீடியோ எடுக்க ஆள் சொல்லியிருக்காரு."

நடு சீட்டில் மூன்று பெண்கள். கடைசியில் எதிரெதிர் பலகையில் ஜெயப்ரியாவும் இரமும். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. வெளியே ஆள் வந்துதான் திறந்துவிட வேண்டும். அதையும் முனிவேல் ஒரு சிறப்பம்சமாகவே சொல்லிவந்தான்: "பொம்பளப் புள்ளைங்க போற வண்டி. சேப்டி."

"ப்பா, ஏன் இன்னைக்கு இப்பிடிக் கத்துது?" என்றாள் ஜெயப்ரியா பின்னாலிருந்து.

"பாடுது. நல்ல நாளு வருதில்ல?"

"பாட்டா இது? எங்க சூப்பர்வைசர் கத்தறாப்பல இருக்கு" என்றாள் இரம். எல்லோரும் சிரித்தார்கள். சுகுணா சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே இல்லை. நீலமாக ஒரு சுவர் தொடர்ந்து வந்தது.

ஏற்றம் ஆரம்பித்தது. முனிவேல் கியரைக் குறைத்தான். கொஞ்ச தூரம் போனதும் கண்ணை அழுந்த மூடித் திறந்தான்.

"இன்னா மாமா?"

"ஒண்ணுமில்ல."

அப்போது வண்டி தன் இஷ்டத்துக்கு வேகம் எடுத்தது. முனிவேல் குனிந்து காலைப் பார்த்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துத்தான் இருந்தான். ஏற்றத்தில், காலை எடுத்த பிறகு, வண்டி முன்னால் போகும் தக்காளி லாரியை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. கிளச்சை மிதித்துப் பிரேக்கை அமுக்கினான். வண்டி இடது ஓரமாக நின்றது. ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. பாரம் கழன்றதும் அதன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடி, கதவு, சுகுணாவின் பல் எல்லாம் அதிர்ந்தன.

"ஆஃப் பண்ணுய்யா!"

முனிவேல் சாவியைத் திருகினான். பிறகு உருவியே விட்டான். சாவி அவன் உள்ளங்கையில் இருந்தது. எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. கட்டளை இடுகிறவன் யாருமில்லாமல், எதைக் குடித்து ஓடுகிறது என்றே தெரியாமல், தலை அறுந்த கோழி மாதிரி அது துள்ளியது. அவன் சாவியைப் பார்த்தான், சுகுணாவைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அவள் கண்டதில்லை.

புகை உள்ளேயே வர ஆரம்பித்தது. நடு சீட்டுப் பெண்கள் அலறிக்கொண்டு இடப்பக்கக் கதவைத் திறந்து குதித்தார்கள். பின்னால் இரண்டு பெண்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ம்மா! கதவு! ம்மா!"

சுகுணா இறங்கி ஓடினாள். வண்டிக்குப் பின்பக்கம் என்ற ஒன்றே தெரியவில்லை. அந்தப் புகைக்குள்ளிருந்து லாரிகளின் ஹாரன் மட்டும் வந்தது, கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில். தகரத்தைத் தடவிக்கொண்டே போனாள். கைப்பிடி அகப்பட்டது. இழுத்தால் வரவில்லை. அவளுக்கு முதுகுக்குப் பின்னால் எங்கோ டயர்கள் தேய்கிற சத்தம் கேட்டது. இதுதான், இங்கேதான், என்று நினைத்தாள். காலைத் தூக்கி பம்பரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கதவு மேலே எழும்பியது. கைக்கு முதலில் கிடைத்தது இரமின் துப்பட்டா. அதோடு சேர்த்து அவளையும், அடுத்து ஜெயப்ரியாவையும் இழுத்துப் போட்டு, தடுப்புக் கம்பிக்கு அந்தப்புறம் பாறைமேல் தள்ளினாள்.

நாலைந்து ஆள் தூரத்தில் புகையைக் கிழித்துக்கொண்டு ஒரு கர்நாடகா லாரி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏனாய்த்து? பெங்கியா?" என்று கத்தினான்.

"நெருப்பில்லண்ணா! நிக்கலண்ணா! வண்டி நிக்கல!" என்று ஜெயப்ரியா அழுதாள். "அப்பா உள்ள இருக்காரு!"

முனிவேல் இறங்க முடியாது. அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் அலங்காரத்துக்கு இருப்பது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருண்டு லாரியின் அடியில் போய்ச் சொருகும். சுகுணா அவன் ஜன்னலுக்கு ஓடினாள். அவன் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி முன்னால் சாய்ந்திருந்தான்.

"மாமா! கியரப் போட்டு அமுக்கி நிறுத்து! அன்னைக்கு ஒரு லாரி இப்பிடியே நிக்காம ஓடினப்ப டிரைவருக்கு நீதான சொல்லிக் குடுத்த?"

"அமுக்கினா எஞ்சின் போயிடும் சுகுணா..."

"போவட்டும்!"

"கை படாத எஞ்சின்டி..."

"யோவ்! நீ போயிடுவய்யா!"

"கண்ணு இருட்டுது. கியரு தெரியல."

அவள் ஜன்னலுக்குள் பாதி உடம்பை விட்டு, அவன் மடிமேல் கவிழ்ந்து, கியர் கம்பியின் தலையில் இருந்த அவன் கையோடு சேர்த்துப் பிடித்தாள். "எங்க தள்ளணும்? சொல்லு, எங்க?"

"கீழ... பெரிய கியரு... உன் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்."

இரண்டு கையும் சேர்ந்து தள்ளின. பல் கடிக்கிற சத்தத்தோடு விழுந்தது. "பிரேக்க விடாத. கிளச்ச விடு. விடு மாமா!"

அவன் கிளச்சை விட்டான். வண்டி ஒரு முழம் முன்னால் தாவியது. உள்ளே எதுவோ முறிகிற மாதிரி ஓர் அடி. பிறகு எதுவுமே இல்லை. தூறல் பானட்டில் விழுந்து சுரீர் சுரீர் என்று ஆவியாகிற சத்தம் மட்டும் கேட்டது.

லாரிக்காரன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முனிவேலைத் தூக்கித் தடுப்புக் கம்பியில் சாய்த்து உட்காரவைத்தான். இரம் போன் பண்ணியதும் ஷௌகத் அலி டிவிஎஸ்ஸில் தொப்பி கூட இல்லாமல் வந்து சேர்ந்தார். முதலில் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் பானட்டைத் தூக்கினார். எஞ்சின் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தது. நடுவில் மஞ்சள் கயிறு மட்டும் சங்க முத்திரையோடு பத்திரமாக இருந்தது.

முனிவேலின் போன் அடித்தது. சென்னப்பன். சுகுணா எடுத்தாள்.

"யம்மா, வண்டி ரோட்ல நின்னுடுச்சாமே? காப்பு அறுந்துச்சா?"

"ஆளுங்க நல்லா இருக்கறாங்களான்னு கேக்க மாட்டீங்களா தலைவரே?"

"அதான், அதான், அதத்தான கேக்க வர்றேன். காப்பு இருக்குதில்ல? அப்ப ஒண்ணும் கவலப்படாதீங்க. ஸ்டார்ட் ஆவலன்னாலும் பரவால்ல. தள்ளிட்டு வந்து மேடைக்குப் பக்கத்துல நிறுத்திடலாம். எஞ்சின் சத்தத்த செல்லுல போட்டுக்கலாம். பேனர் அடிச்சாச்சும்மா."

சுகுணா போனைக் காதில் வைத்தபடியே வண்டிக்கிட்டே போனாள். மஞ்சள் கயிற்றில் விரலைக் கோத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அரக்கு பொரிகடலை மாதிரி தெறித்தது. "இப்பத்தான் அறுந்துச்சு தலைவரே" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தாள்.

ஷௌகத் அலி கம்பியை உருவி, சட்டை ஓரத்தில் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்தார். மேல் கோட்டைத் தாண்டி, அதற்கு மேலும் ஒரு சாண் நனைந்திருந்தது.

"எரிஞ்சது போவ இன்னும் இவ்ளோவா? யா அல்லா. எஞ்சின் டீசல விட்டுட்டு, பொங்கி வந்த ஆயிலையே குடிச்சு ஓடியிருக்கு. சாவியப் புடுங்கினா டீசல் நிக்கும், ஆயில் எங்க நிக்கும்? கொறச்சலா இருந்து வந்த புகையில்ல இது. ஜாஸ்தியா இருந்து வந்தது." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, சுகுணாவைப் பார்த்தார். தான் விற்ற கேன்கள் அவர் கண்ணில் வரிசையாக வந்திருக்க வேண்டும். கம்பியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"நான்தான் பாய்" என்றான் முனிவேல், உட்கார்ந்த இடத்திலிருந்து. "தெனம் சூளகிரி தாண்டி ஓரங்கட்டி அர லிட்டர் ஊத்துவன். ஆளுங்கள எறக்கிட்டு வர்றப்ப. யாருக்கும் தெரிய வேணாம்னுதான்..."

இரண்டு பேரும் ஊற்றியிருக்கிறார்கள். அவன் சூளகிரிக்கு அப்பால். அவள், அவன் குளிக்கிற நேரத்தில். கம்பியைப் பார்த்திருந்தால் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கம்பிக்குத்தான் சாமி காவல் நின்றதே.

"நானும் ஊத்தினன் மாமா. தெனம் காலையில."

முனிவேல் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் வாய் கோணியது. சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

"கை தொடைக்கத் துணி இருந்தா குடுங்கக்கா" என்றார் ஷௌகத் அலி. சுகுணா வண்டிக்குள் குனிந்து டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள். கந்தலுக்கடியில் ஒரு காலி ஆயில் டப்பா. அதற்கும் கீழே, ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். பாதி அமுக்கி எடுத்தவை. சின்ன, வெள்ளை, நடுவில் கோடு போட்ட மாத்திரை. அவள் தினமும் அம்மிக்கல்லில் நுணுக்குகிற அதே மாத்திரை.

துணியை ஷௌகத் அலியிடம் கொடுத்துவிட்டு, அட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு முனிவேலிடம் வந்து குந்தினாள்.

"இது எப்பத்துல இருந்து?"

அவன் பெண்கள் பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "அது... சூளகிரியில ஒரு டாக்டரு. ஒருவாட்டிதான் போனன். பாப்பாவுக்குத் தெரிய வேணாம். தெனம் காலையில ஒண்ணு போடறன், அவ்ளோதான்."

"காலையிலயா?"

"கஞ்சி குடிச்சிட்டு."

சுகுணாவின் கண்முன்னே கதவைப் பிடித்துக்கொண்டு அவன் நின்ற காலைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பானட்டில் ஊன்றிய கைகள். ஏற்றத்தில் மூடித் திறந்த கண். பிரஷர் ஏறி வந்த மயக்கமில்லை அது; இறங்கி வந்தது. நாளையிலிருந்து இரண்டாகப் போடலாம் என்று அவள் எடுத்துவைத்திருந்த மாத்திரை, வீட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"இன்னாமே? ஏன் இப்பிடிப் பாக்கற?" என்றபடி முனிவேல் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றான்.

"எழுந்திரிக்காத!" அவள் அவன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்தாள். "உக்காரு மாமா. அப்பிடியே உக்காரு. ஒண்ணு சொல்லணும், உக்காந்துகினே கேளு."